வண்டியை இறக்கினால் ஸ்ட்ரட் பார் கட்டாயமா? கேள்வி பதில்

ஸ்விஃப்ட், போலோ வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இறக்குவது என்றால் வண்டியின் உயரத்தைக் குறைப்பது. ஸ்ட்ரட் பார் என்பது இரண்டு பக்க ஸ்ட்ரட்டின் தலைகளையும் குறுக்காக இணைக்கும் கம்பி.

2018 ஸ்விஃப்ட். லோயரிங் ஸ்பிரிங் போட்டு 30 மிமீ இறக்கினேன். ஸ்ட்ரட் பார் போட்டே ஆகணும் என்கிறார் கடைக்காரர்.

இறக்கிய ஒரே காரணத்துக்காகத் தேவையில்லை. ஸ்பிரிங் எவ்வளவு கடினம், டயர் எவ்வளவு பிடிக்கிறது, இந்த இரண்டும்தான் பாடியை முறுக்குகின்றன. உங்கள் வண்டியில் முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. வளைவில் டயர் வாங்கும் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு ஸ்ட்ரட்டின் தலை வழியாக ஏப்ரனுக்கு, அதாவது ஸ்ட்ரட் தலையைத் தாங்கும் பாடித் தகட்டுக்குப் போகும். இரண்டு தலையையும் பார் இணைத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆபீஸ் போய்வரும் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த ஏப்ரனே தாராளம். அந்தப் பணத்தில் முதலில் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். இறக்கியதும் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும், அதை விட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

அண்ணா, 60 மிமீ இறக்கிய பிறகு முன்பைவிட அதிகம் சாய்கிறது. பார் போட்டால் நிற்குமா?

நிற்காது தம்பி. வண்டிக்கு முன்னால் குனிந்து, சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். ஸ்டாக் உயரத்தில் அதன் சக்கரப் பக்க முனை சற்றுத் தாழ்ந்தோ சமமாகவோ இருக்கும். உங்கள் வண்டியில் அது மேலே ஏறியிருக்கும். அப்படி ஏறினால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட சாய்க்கும் விசைக்குப் பிடி நீள்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் கோணமும் கெட்டிருக்கும், பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் தானாக இழுப்பது அதனால்தான். 25, 30 மிமீக்கு ஏற்றிவிடுங்கள், பாதி வியாதி போய்விடும். சாய்வைக் குறைப்பது இடது, வலது சக்கர சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்டி ரோல் பார். ஸ்ட்ரட் பார் வேறு, அது வேறு.

ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினேன். பிரேசிங் (ஸ்ட்ரட் பார் மாதிரி பாடியை இறுக்கும் கம்பி) போட்டால் பாதுகாப்பா?

தயவுசெய்து அந்த ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும், ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதுதான், அதை அடக்காது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். எந்தக் கம்பியும் இதைக் காப்பாற்றாது.

போலோவில் பின்னால் பார் போடலாமா?

பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்; ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பக்கவாட்டு விசை பீமின் புஷ் (பீமைப் பாடியோடு இணைக்கும் ரப்பர்) வழியாகப் போகிறது. ஷாக் தலைகளை இணைத்து என்ன கிடைக்கும்? டிக்கியில் இடம்தான் போகும். பழைய வண்டியானால் பீம் புஷ்ஷை மாற்றுங்கள், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இன்னொன்று, 2018 ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மிமீ. விதிப்படி கட்டிய வேகத்தடையே 100 மிமீ உயரம். ஊரில் யார் விதிப்படி கட்டுகிறார்கள்? ஐந்து பேர் ஏறினால் அடி உரசும்.

கோவை கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறேன். கடினமான காயில்ஓவர் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் வரும் செட்), ஒட்டும் டயர். எனக்குமா வேண்டாம்?

உங்களுக்கு வேண்டும். முதலில் ஏப்ரனைச் சோதியுங்கள், அதுவும் செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கட்டாயம். டார்ச் அடித்து ஸ்ட்ரட் தலையைச் சுற்றியுள்ள சீலன்ட் (தகடு இணைப்பை அடைக்கும் பசை) ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு, பிசிறான வெல்டிங், ஒரு பக்கம் மட்டும் வேறு நிற சீலன்ட் இருந்தால் அடிபட்டு ஒட்டிய ஏப்ரன். அதை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு இல்லாத உரசல் வந்தால் பாடி முறுக்குகிறது.

பார் வாங்கும்போது நடுவில் மூட்டு இல்லாத ஒற்றைக் கம்பியாகப் பாருங்கள். முனைத் தகடும் கம்பியும் ஒன்றாக வெல்டிங் ஆகியிருக்கட்டும். தகட்டை ஒரே போல்ட்டில் தொங்கவிட்டவை வளைவதைத் தடுக்காது. பூட்டும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்கட்டும். கம்பியை இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தால் அளவு தவறு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.