சூளைக்குள் ஒரு ‘டிங்’

கேள்வி: ஐயா, வீட்டுப் பின்கட்டில் சின்ன மின்சூளை வைத்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மண்பாண்டம்) கோப்பைகள் செய்கிறேன். சூளை ஆறும்போது சில நாள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு விரிசல் விட்டிருக்கும். “573 டிகிரியை மெதுவாகத் தாண்டணும்” என்கிறார் கற்றுக்கொடுத்தவர். ஏன் என்றால், “குவார்ட்ஸ்” என்பதோடு சரி. அந்த 573-ல் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: குவார்ட்ஸ் வேறொன்றுமில்லை அம்மா, நம் வெங்கச்சாங்கல். சின்ன வயதில் இருட்டில் இரண்டை உரசி வெளிச்சம் வரவழைத்திருப்பீர்களே, அதே கல். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு, அதாவது சிலிக்கா. உங்கள் களிமண்ணில் தூளாகக் கலந்திருக்கிறது.

அதன் படிகத்தில் ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்து ஒரு நான்முகி, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உரு. நான்முகிகள் மூலைக்கு மூலை கோத்துக்கொண்டு, சுமார் 16 பாகை சாய்ந்து நிற்கின்றன. நிற்கின்றன என்பதுகூடத் தப்பு, ஓயாமல் ஆடுகின்றன. பல விதமான ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. சூடேறினால் ஆட்டத்தின் வீச்சு கூடும். சுருதி மட்டும் பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஒரே ஓர் ஆட்டம் விதிவிலக்கு. நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி தடவை அதிர்கிற அது, சூடேற ஏற, வீணையில் பிருடையைத் தளர்த்தியது போல இறங்கிக்கொண்டே போகிறது.

இதைக் கண்டது நம் ஊரில்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கி, அதில் சிதறும் ஒளியைப் படமெடுத்தார்கள். ஒவ்வோர் அதிர்வும் படத்தில் ஒரு கோடாக விழும். லேசர் பிறக்காத காலம். மற்ற முக்கியமான கோடுகள் தெளிவாகத் தெரிய, அந்த ஆட்டத்தின் கோடு மட்டும் அகன்று, மங்கி, இடம் நகர்ந்து கலங்கிப் போயிற்று. 573-ல் படிகம் உருமாறுவதில் இந்த அதிர்வுக்குத் தனிப் பங்கு உண்டு என்று 1940-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார்கள். இயற்பியலாளர்கள் கோக்ரனும் ஆண்டர்சனும் இதைக் கோட்பாடாக்கியது அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் கழித்து. ராமன் விளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்களோ!

இனி உங்கள் சூளை. நான்முகிகளின் சாய்வைக் கூட்டிக் குறைப்பதுதான் அந்த ஆட்டம். சூடேறும்போது அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வந்து, 573-ல் நான்முகிகள் நிமிர்ந்துவிடுகின்றன. ஒரு பிணைப்பும் அறுவதில்லை, திரும்புவது மட்டுமே. ஆறும்போது அதே இடத்தில் மறுபடி சாய்கின்றன. குவார்ட்ஸ் துகள் சட்டென்று சுருங்குகிறது. சுற்றிலும் சூட்டில் உருகிக் கண்ணாடியான பகுதியோ அதற்கு முன்பே இறுகியிருக்கும், விட்டுக்கொடுக்காது. கோப்பையின் விளிம்பு 560-லும் அடி 590-லும் இருந்தால் ஒரு பாதி சுருங்கியாகிவிட்டது, மறு பாதி இன்னும் சுருங்கவில்லை. அதுதான் உங்கள் ‘டிங்’. மண்ணில் உருகிக் கண்ணாடியாகிவிட்ட சிலிக்காவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மாணவனாக இருந்தபோது நானும் இதில் சூடுபட்டவன். ஆய்வகத்தில் ஒரு குவார்ட்ஸ் தகட்டை 600-க்குக் கொண்டுபோய் அளவெடுத்துவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் உலையை அணைத்து மூடியையும் திறந்துவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் மூன்று துண்டு. பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

ஆகவே 620-லிருந்து 530 வரை அவசரம் வேண்டாம். இன்னொரு இடமும் உண்டு: சில மண்ணில் கிறிஸ்டோபலைட் என்று சிலிக்காவின் வேறொரு வடிவம் உண்டாகும். அது 220-ஐ ஒட்டி இதைவிடப் பலமாகச் சுருங்கும். 200-க்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

விரிசல் விட்ட கோப்பையைத் தூக்கிப் போடுமுன் விரிசலின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். கிளேஸ் (பளபளப்பு மேற்பூச்சு) உருகி ஓரம் மழுங்கியிருந்தால் சூடேறும்போதே விரிசல் விட்டது. ஆறும்போது 573-ஐத் தாண்டியதைக் குறை சொல்லிப் பயனில்லை. கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போது விரிசல் விட்டது. விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.