ஜெயில் வாசலில் யார் நிற்பது?

அன்புள்ள அண்ணா,

என் தம்பிக்கு 20 வயது. வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம். அதற்குக் காசில்லாமல் ஃபோன் பறித்து மாட்டிக்கொண்டான். பாக்கெட்டில் கொஞ்சம் கஞ்சா இருந்ததாக இன்னொரு வழக்கும் உண்டு. மூன்று மாதம் உள்ளே இருந்தவன் அடுத்த வாரம் நிபந்தனை ஜாமீனில் வருகிறான். மனு போட்டுப் பார்த்தபோது முகம் தெளிந்திருந்தது. "இனிமே தொடமாட்டேன்க்கா" என்று அழுதான். கோயிலில் கயிறு கட்டி, கேரளாவில் இருக்கும் மாமாவிடம் அனுப்பிவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?

— ஓர் அக்கா

அன்புள்ள தங்கைக்கு,

கயிறு கட்டுங்கள். அம்மாவுக்கும் அவனுக்கும் அது ஒரு பிடிமானம். கேரளாவுக்கு மட்டும் இப்போது வேண்டாம். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஊரில் இல்லையென்றால் ஜாமீனே ரத்தாகலாம், திரும்பவும் உள்ளேதான். அந்த ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான் பழைய கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்றால் வக்கீலிடம் சொல்லி நிபந்தனையை மாற்றவோ தளர்த்தவோ மனுப் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தம்பி அழுதது பொய்யில்லை, ஆனால் மூன்று மாதம் தொடாமல் இருந்ததை குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் போட்டது ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வலி மாத்திரை என்றால், இத்தனை நாள் நிறுத்தியதில் அதைத் தாங்கும் சக்தி உடம்புக்குக் குறைந்திருக்கும், ஆசை மட்டும் அப்படியே இருக்கும், வெளியே வந்து ஒரே ஒரு தடவை என்று பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளைப் பின்தொடர்ந்து 2007-ல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை அளவு மீறிச் சாகும் அபாயம் மற்றவர்களைப்போல் 129 மடங்கு இருந்தது. படித்த நாளிலிருந்து இந்த எண் என்னை விடவில்லை. இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறட்டை மாதிரி சத்தத்தோடு மூச்சுத் திணறி, எழுப்பினாலும் எழாமல், உதடு நீலமாகிக் கிடந்தால் தூக்கம் என்று விடாதீர்கள். உடனே 108, ஆள் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. புப்ரெநார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, அதுவும் ஓபியாய்டு வகைதான், ஆனால் ஆசையை அடக்க மருத்துவர் கண்காணிப்பில் தருவது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலம் 2016-ல் சிறைக்குள்ளேயே இந்த வகை மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியதும், விடுதலையானவர்களின் போதைச் சாவுகள் பாதிக்குமேல் குறைந்தன. தம்பிக்கு அது தேவையா என்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்.

அப்புறம் வழக்கு. போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. கஞ்சா சிறு அளவு, அதாவது ஒரு கிலோ வரை என்றால், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுக்கும்போது அந்த வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். ஃபோன் பறித்த வழக்குக்கு இது பொருந்தாது. அங்கே 1958-ன் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பும்முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டாக வேண்டும். அந்த அறிக்கையில் எழுத ஏதாவது இருக்க வேண்டுமே? ஒழுங்காகப் போன சிகிச்சைச் சீட்டு, ஒரு வேலை, ஃபோனைப் பறிகொடுத்தவருக்கு நஷ்டத்தைக் கொடுக்க எடுத்த முயற்சி, இதையெல்லாம் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். நஷ்டத்தை வக்கீல் மூலமாக மட்டும் கொடுங்கள், நேரில் போகாதீர்கள். அதில் கொஞ்சமாவது அவனே உழைத்துக் கொடுத்த பணமாக இருக்கட்டும்.

ஜாமீன் உத்தரவு ஜெயிலுக்குப் போய் ஆளை விடுவதற்குள் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். மத்தியானமே போய் வாசலில் நில்லுங்கள், கூட்டாளிகள் பைக்கோடு வந்து நிற்பதற்கு முன்னால். நேராக வீடு. சோறு போடுங்கள். அன்று ராத்திரி எந்தக் கேள்வியும் வேண்டாம். மறுநாள் காலை ஓ.பி. சீட்டுப் போட நீங்களும் கூடப் போங்கள்.