ஒரே அலைக்கற்றையில் ரேடாரும் தனியார் வலைப்பின்னலும்

கேள்வி: அமெரிக்கக் கடற்படையின் ரேடார்கள் இயங்கும் அலைக்கற்றையிலேயே தனியார் கம்பியில்லா வலைப்பின்னல்களும் இயங்குகின்றனவாமே? ஒன்றுக்கொன்று இடைஞ்சல் ஆகாதா?

பதில்: ஆகாமல் பார்த்துக்கொள்வது ஒரு மென்பொருள். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ள அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல் விதி வகுத்தது. கடற்படைக்கே முதல் உரிமை. ஏலத்தில் உரிமம் எடுத்தவர்களுக்கு அடுத்த இடம். மிஞ்சியது பொதுப் பயனர்களுக்கு. ஒவ்வொரு அலைபரப்புக் கருவியும் தான் நிற்கும் இடம், ஆன்டெனாவின் உயரம் முதலியவற்றைப் பதிவுசெய்து, அனுமதி பெற்ற பிறகே இயங்க முடியும். ரேடாரை இயக்கியபடி ஒரு போர்க்கப்பல் கரையை நெருங்கினால், கடலோர உணரிகள் அந்த ரேடாரின் அலைத் துடிப்பைக் கேட்டுத் தெரிவிக்க, மென்பொருள் அப்பகுதிக் கருவிகளை 300 விநாடிகளுக்குள் நிறுத்திவிடுகிறது அல்லது வேறு அலைவரிசைக்கு மாற்றிவிடுகிறது. (கப்பலின் நடமாட்டத்தை உணரிகள் சேமித்து வைக்கக் கூடாது என்பதும் விதி, மிக அவசியமான விதி.) பயன்படாத நேரத்திலும் அலைக்கற்றையைப் பூட்டி வைக்கும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்றே கருதுகிறேன். ஆனால், மெல்லிய துடிப்பையும் உணரிகள் தவறவிடக் கூடாது என்பதற்காக, அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளில் மற்ற கருவிகள் தங்கள் அலைபரப்புத் திறனைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.