மாமா வாங்கித் தரும் துப்பாக்கி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேற்கே, ரப்பர் விளைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. என் அண்ணன் பல வருடமாக அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். போன நவம்பரில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டான். அவனுடைய ஒன்பது வயது மகன் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக, சுட்டுப் போட்ட மானுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அம்மா பார்த்துவிட்டு அழுதுவிட்டாள். என் கணவருக்கோ ஒரே பெருமை.

வருகிற டிசம்பரில் அண்ணன் ஊருக்கு வருகிறான். என் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கு ஏர்கன் வாங்கித் தருவதாகவும், நண்பர்களோடு ஒரு ராத்திரி பேச்சிப்பாறைப் பக்கம் வேட்டைக்குக் கூட்டிப்போவதாகவும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். பையன் நாள் எண்ணுகிறான். 'துப்பாக்கியைத் தொட்டுப் பழகினவன்தான் அதற்கு மரியாதை கொடுப்பான், ஒளித்து வைத்தால்தான் ஆபத்து' என்பது அண்ணனின் கட்சி. 'காட்டுப்பன்னி மரச்சீனிக் கிழங்கை எல்லாம் கிளறிப் போடுது, ரெண்டைச் சுட்டா என்ன? கேரளாவில சுடுதானே' என்கிறார் இவர். அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி வேறு வீட்டில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்தது, பல வருடமாகப் பீரோவுக்கு மேலேயே கிடக்கிறது. ஞாயிறுதோறும் கோழிக்குழம்பு வைக்கிற நான் இதில் மட்டும் பதறுவது போலித்தனமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

போலித்தனம் ஒன்றும் இல்லை. கோழிக்குழம்பு வைக்கிறவருக்கும் தன் பையன் கையில் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு. நானும் கறி தின்கிறவன்தான். ஆடு அறுப்பதைப் பிள்ளைகள் பார்ப்பதில்கூட எனக்குப் பெரிய ஆட்சேபணை கிடையாது. தட்டுக்கு வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டுமே. அதனால் உயிர்க்கொலை என்ற பக்கத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் அண்ணனையும் வில்லனாக்க வேண்டாம். அவர் இருக்கும் இடத்தில் அது ஊரறிய நடக்கிற காரியம். விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் சுடும் முக்கியப் பருவம் நவம்பரில் ஒன்பது நாள். லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் தனியாகப் போக வேண்டுமென்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். சின்னப் பையன்கள் என்றால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போடச் சொல்வது சட்டம், இன்னொருவன் ஆளை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்று. சுட்ட மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-இல் போட்ட சட்டப்படி ஒரு தனி வரி வசூலாகிறது, அந்தப் பணம் காட்டுயிர்ப் பராமரிப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது. இத்தனைக்கும் நடுவில் அப்பாவோடு போகிற பையன் பொறுத்திருக்கவும், அளவு மீறாமல் இருக்கவும், கணக்குக் காட்டவும் கற்றுக்கொள்கிறான் என்று அண்ணன் சொன்னால் நம்பத்தான் வேண்டும். ஆனால் அந்த மாநிலம் 2017-இல் குறைந்தபட்ச வயது என்பதையே எடுத்துவிட்டது. அதற்கு முன் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பால்குடி மாறாத பிள்ளைக்கும் லைசென்ஸ் வாங்கலாம் என்று ஆக்கியதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை.

சரி, அதே வேட்டையைப் பேச்சிப்பாறைக்குக் கொண்டு வருவோம். உங்கள் மகன் இங்கே என்ன கற்றுக்கொள்வான்?

நான் வளர்ந்தது அருமனைப் பக்கம். சில நாள் விடியுமுன் புறவாசலில் யாரோ மெல்லத் தட்டுவார்கள். வாழைநாரால் கட்டிய தேக்கிலைப் பொதி ஒன்று கைமாறும். கொடுத்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா வறுத்த தேங்காயும் நல்லமிளகும் வைத்து அரைப்பாள், அன்றைக்கு மட்டும் அடுக்களை ஜன்னல் சாத்தியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கோழி என்று சொல்ல வேண்டும். இலையையும் எலும்பையும் தென்னைமூட்டில் குழி தோண்டி மூடுவது பிள்ளைகளின் வேலை.

சுட்டவர் பக்கத்து விளைக்காரர். அவர் மகன் என் வகுப்பில்தான் படித்தான், டார்ச் பிடிக்க அப்பாவோடு போய்வருவான். பன்றி எந்த மாதம் குட்டி போடும், மிளா மான் எந்த நேரம் தண்ணீருக்கு இறங்கும் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எந்தக் காவலர் எந்த வழியாக வருவார், ஜீப்பை எந்த டீக்கடை முன்னால் நிறுத்துவார், யாருக்கு என்ன கொடுத்தால் வாய் திறக்க மாட்டார் என்பதெல்லாம் அத்துபடி. அவன் அப்பா கெட்டவர் இல்லை, எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிரியமானவர். ஆனால் அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வேட்டை அதுதான். விஸ்கான்சினில் கணக்குக் காட்டுவது பாடம், இங்கே கணக்கில் வராமல் பார்த்துக்கொள்வது பாடம். உங்கள் அண்ணனுக்கு இது புரியாமல் இருக்காது, ஊரை விட்டுப் போய்க் கொஞ்ச நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. முயற்சி செய்வது, கண்ணி வைப்பது, விலங்கை விரட்டிக் கலைப்பது, பறவைக்கூட்டைக் கலைப்பதுகூட அதில் சேரும். ஆகவே 'பையன் சும்மா கூட வந்தான்' என்பது பலமான வாதம் ஆகாது. பேச்சிப்பாறைக்கு மேலே கிடக்கும் காடு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற காணிக்காரப் பழங்குடிகளுக்கே வேட்டை உரிமை இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு என்று எத்தனையோ பழைய உரிமைகளை ஒப்புக்கொண்டபோதும் வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. அவர்களுக்கு இல்லாததை, லீவுக்கு வருகிற நாம் எந்த முகத்தோடு கேட்பது?

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. ஒரே ராத்திரியில் ஒரு விளை மரச்சீனியைப் பன்றி உழுது போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் யாரும் இஷ்டத்துக்குச் சுடுவதில்லை. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை அளித்தது, சுடுவது லைசென்ஸ் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். இது போதாது என்றால் சங்கம் சேர்ந்து மனு கொடுக்கட்டும், மறியல் செய்யட்டும், நானும் வருகிறேன். பத்து வயதுப் பையனை அந்தச் சண்டைக்குள் ஏன் இழுக்க வேண்டும்? பன்றிக்கு நாட்டுவெடி வைக்கலாம் என்ற பேச்சு மட்டும் வீட்டில் எடுக்கவே வேண்டாம். 2020-இல் திருச்சி மாவட்டத்தில், மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று கடித்து ஆறு வயதுக் குழந்தை செத்துப்போனது.

இனி அண்ணனின் வாதம். தொட்டுப் பழகினால் மரியாதை வரும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். மேஜை இழுப்பறையில் ஒரு நிஜக் கைத்துப்பாக்கி. அது வெடிக்காது, ஆனால் விசையை அழுத்தினால் வெளியே தெரியும்படி செய்திருந்தார்கள். 48 பேர் கண்டெடுத்தார்கள், 30 பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள், 16 பேர் விசையையே அழுத்தினார்கள். கையில் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே புத்தி சொல்லப்பட்டவர்கள். கேட்டிருந்தால் விதியை ஒப்பித்திருப்பார்கள். அந்த வயதில் வாய்க்குத் தெரிவது கைக்குத் தெரியாது.

பெரியவர் பக்கத்தில் இருந்தால்? 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு பயிற்சிக் களத்தில், ஒன்பது வயதுச் சிறுமிக்கு ஊஸி இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஒட்டித்தான் நின்றார். துப்பாக்கி உதைத்த வேகத்தைச் சின்னக் கை தாங்கவில்லை, குழல் மேலே எகிறித் திரும்பியது, குண்டு அவர் தலையில் பாய்ந்தது. 2013-இல் கென்டக்கியில் ஐந்து வயதுப் பையன், பிள்ளைகளுக்கென்றே செய்து விற்கிற, தனக்குப் பரிசாக வந்த ரைஃபிளால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்ததாம், உள்ளே ஒரு தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. 2020 முதல் அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். இதில் பெரும்பகுதி கொலையும் தற்கொலையும், வேட்டை விபத்து சொற்பம். அதை மறைத்துப் பேசினால் அண்ணன் சரியாகவே மடக்குவார்.

ஏர்கன் விஷயம் இதைவிடக் குழப்பமானது. கடையில் கிடைக்கும் சாதாரண 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே பொம்மை என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சின்ன ஈயக்குண்டு ஒரு கண்ணை எடுக்கப் போதும். கையில் கிடைத்த அன்றைக்கே பையன் டப்பாவைச் சுடுவான், இரண்டாம் நாள் மடையான் கொக்கையும் மைனாவையும் பார்ப்பான். சுடும் கலை மேல் நிஜமாகவே ஆசை என்றால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர் நேரடிக் கண்காணிப்பில், குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குச் சட்டமே இடம் தருகிறது. அப்புறம் பள்ளியில் என்.சி.சி. இருந்தால் இன்னும் நல்லது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர்ரைஃபிளில் உலக அளவில் பதக்கம் வாங்கியவர். காகித வட்டத்தைச் சுட்டுத்தான் வாங்கினார்.

இதை எல்லாம்விட என்னை உறுத்துவது அந்தப் பீரோ. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பத்து வயதுப் பையனுக்கு நாற்காலி போட்டால் எட்டாத பீரோ எந்த வீட்டில் இருக்கிறது? இந்த வாரமே அப்பாவைக் கூட்டிப்போய்த் துப்பாக்கியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு பூட்டுங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். லைசென்ஸ் புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அப்பா பெயரில் உள்ளது, அண்ணன் எடுத்துக்கொண்டு ராத்திரி வெளியே போக முடியாது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர் வைத்திருக்கவோ கொண்டுபோகவோ கூடாது. அப்பாவுக்கு இனி அதால் உபயோகம் இல்லை என்றால், தேர்தல் வரும்போதெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களே அதே காவல் நிலையத்தில், நிரந்தரமாக ஒப்படைக்க வழி கேளுங்கள்.

அண்ணனிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். வேட்டைக்குப் போகிறவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாத சில வித்தைகள் தெரியும். அசையாமல் உட்காரத் தெரியும், காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரியும், சேற்றில் கிடக்கும் தடத்தைப் படிக்கத் தெரியும். அதைப் பையனுக்குச் சொல்லித்தரட்டும். டிசம்பரில் தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் பறவைகளால் நிறைந்திருக்கும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலைகள் அவை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கண்ணுக்கே தெரியும், நீலச்சிறகி வாத்தைப் பார்க்க ஒரு பைனாகுலர் வேண்டும். ஏர்கன் காசில் அதை வாங்கிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். பேச்சிப்பாறைப் பயணம் இல்லை என்பதை நீங்கள் பையனிடம் சொல்லாதீர்கள். ஆசை காட்டியவர் மாமா, அவரே சொல்லட்டும், விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே, வீடியோ காலில். நீங்கள் சொன்னால் அம்மா தடுத்தாள் என்று ஆகும். மாமா சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பான், பிறகு பைனாகுலர் எப்போது வரும் என்று கேட்பான்.

அன்புடன்