புதியவர்கள் ஒருமுறை வந்து, மறுபடி வராதது ஏன்?

கேள்வி: திருப்பூரில் 3 பூல் (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) டேபிள்கள் வைத்து நிலையம் நடத்துகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் 12 பேர் தவறாமல் வருகிறார்கள். புதியவர்கள் ஒருமுறை ஆடிவிட்டுப் போனால் திரும்புவதில்லை. இப்போதிருக்கும் டேபிள்களை எடுத்துவிட்டு 9 அடி டேபிள் போடச் சொல்கிறார் ஒரு வியாபாரி. பரிசுப் போட்டி வைத்தால் கூட்டம் சேரும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யட்டும்?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்களிடம் ஆட்கள் வருகிறார்கள், தங்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். அதற்கான காரணம் அவர்களுடைய முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது.

எல்லோரும் எடுத்து ஆடுவதற்கென வைத்திருக்கும் கியூக்களில் (பந்தை அடிக்கும் கோல்) ஒன்றை எடுத்து, நுனித் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தால், வழுக்காமலிருக்க நுனியில் தடவும் சாக் அதில் நிற்காது. கொஞ்சம் ஓரமாகப் பட்டாலும் வெள்ளைப் பந்தை விட்டு வழுக்கிவிடும். பழையவர்கள் சொந்தக் கியூ கொண்டுவருவதால் இது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. புதியவரோ தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார். உப்புத்தாளால் நுனியை லேசாகத் தேயுங்கள். தோல் மிகவும் தேய்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். ஒரு மாலை வேலைதான்.

அடுத்து, தோற்றவர்தான் டேபிள் காசு கட்ட வேண்டும் என்ற வழக்கம். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். புதிதாக வந்தவர் தோற்கத்தான் செய்வார். கற்றுக்கொள்ள வந்தவரிடம் எல்லோருடைய கணக்கையும் கட்டச் சொன்னால் அவர் எப்படி மறுநாள் வருவார்? இந்த வழக்கம் மெல்லப் பணப் பந்தயத்தில் போய் முடியும். பந்தயம் நடக்கும் இடம் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டால் எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், பெண்கள் படியேற மாட்டார்கள். புகையும் அப்படித்தான். பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது. உங்கள் கூடத்துக்கும் அது பொருந்தும்.

புதியவரை முதல் நாளே 15 பந்துகளையும் அடுக்கி, அவற்றைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக் அடிக்கச் சொல்லாதீர்கள். 3 பந்துகள் போதும். பாக்கெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் வெள்ளைப் பந்தைக் கையால் எடுத்து வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். பந்து பாக்கெட்டில் விழும் சத்தத்தைப் பத்து முறையாவது கேட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கேரம் நன்றாக ஆடுபவர். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயத்தின் மாநிலம் இது. அப்படிப்பட்ட ஊரில் கேரத்தில் கை தேர்ந்தவர் உங்களிடம் வருவார், நிச்சயம் வருவார். எந்த இடத்தில் வெட்டினால் எங்கே போகும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். 3 பந்துகளைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார். ஆனால் அவருக்கு வேறொரு குழப்பம் வரும். கேரத்தில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் சுமார் 5 கிராம்தான். கனமான ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளிவிட்டுத் தானும் முன்னே போகும். பூலில் எல்லாப் பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடை. அருகிலிருந்து வெள்ளைப் பந்தின் நடுவில் நேராக அழுத்தி அடித்தால் அது அங்கேயே நின்றுவிடும். வெட்டி, அதாவது மற்றப் பந்தின் ஓரத்தில் படும்படி அடித்தால், அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்கோணமாக விலகும். இது தெரியாமல் அவர் நல்ல அடியாக அடித்தும் வெள்ளைப் பந்து பக்கப் பாக்கெட்டில் விழுந்து ஃபவுல் ஆகும். ஒவ்வோர் அடிக்கு முன்னும் வெள்ளைப் பந்து எங்கே போகும் என்று அவரையே விரலால் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார். கோடை விடுமுறையில் வீட்டில் கேரம் ஆடியவரை இதில் சேர்க்காதீர்கள். அவருக்கு 3 பந்துகள்தான்.

இனி அந்த வியாபாரி. 9 அடி டேபிளின் ஆடுதளம் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். கியூவின் நீளம் சுமார் 58 அங்குலம். நாலு பக்கமும் கியூ வீச இடம் விட்டால் ஒரு டேபிளுக்கே 18 அடிக்கு 14 அடி தேவை. உங்கள் கூடத்தை அளந்தாரா அவர்? அடியில் குனிந்து, துணிக்குக் கீழே ஆடுதளமாக இருக்க வேண்டிய ஸ்லேட் கல்லைக் கண்ணால் பார்க்காமல் எந்த டேபிளுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். கல் என்று சொல்லி, மரத்தூள் பலகைமேல் துணியை இழுத்துக் கட்டி எனக்கு ஒருவர் விற்றார். முதல் மழைக்காலத்திலேயே பலகை ஈரம் குடித்து நடுவில் குழிந்தது. மெதுவாக உருட்டிய பந்தெல்லாம் வளைந்து அந்தக் குழிக்கே போய்ச் சேர்ந்தது.

போட்டி நடத்தித் தருகிறேன் என்பவர் நுழைவுக் கட்டணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். பரிசு உங்கள் 12 பேருக்குள்ளேயே போகும். புதியவர் முதல் சுற்றில் தோற்று, கட்டணமும் இழந்து வெளியேறுவார்.

இதையெல்லாம் சொல்லித்தர ஊருக்கு ஒரு பயிற்சியாளர் இருந்திருக்க வேண்டும். பூலைப் போலவே கியூவால் ஆடும், 1875-இல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். அதே மாநிலத்தில் இன்றைக்கும் ஒரு பள்ளி மாணவன் நல்ல டேபிளைத் தொட வேண்டுமென்றால் அப்பா கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும். உரிமம் கேட்டுப் போனால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டுகிறது. இவர்கள் திருந்தும்வரை காத்திருந்தால் உங்கள் டேபிள் துணி மக்கிவிடும்.

வார நாட்களில் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை கூடம் காலியாகத்தான் கிடக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்காத மூலை டேபிளை அந்த நேரத்தில் புதியவர்களுக்கென ஒதுக்குங்கள். முதன்முதலாகக் குனிந்து கியூ பிடிப்பவருக்குப் பின்னால் யாராவது ‘ச்சு’ கொட்டினால் அதோடு அவர் கதை முடிந்தது. உங்கள் 12 பேரில் பொறுமைசாலி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த வாரம் அவரிடம் டேபிள் காசு வாங்காதீர்கள். புதியவர் கிளம்பும்போது அடுத்து எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதி வையுங்கள்.