அடியில் ஆறு சீன எழுத்து இருந்தால் அது மிங் காலத்துத் தட்டா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள அம்மை வீட்டுப் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம். அறப்புரையை (நெல்லும் சாமான்களும் வைக்கும் அறை) ஒழித்தபோது டிராகன் உருவம் புடைத்த இரண்டு பெரிய பரணிகளும் (ஜாடிகள்), நீலப் பூவேலை உள்ள ஒரு பீங்கான் தட்டும் கிடைத்தன. தட்டின் அடியில் சீன எழுத்துகள் ஆறு உள்ளன. களியக்காவிளைப் பக்கமிருந்து வந்த தரகர் ஒருவர், தட்டு சீனாவின் மிங் அரச வம்சக் காலத்தது, 40 லட்சம் போகும் என்கிறார். தொல்லியல் துறையில் பதிவு செய்து சான்றிதழ் வாங்காமல் விற்றால் வழக்கு வரும், அந்தச் செலவுக்கு 35,000 ரூபாய் முன்பணம் வேண்டும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா? பரணிகளில் மறுபடியும் உப்புமாங்காய் போட்டு வைக்கலாமா? படங்கள் இணைத்துள்ளேன். (வாசகி, விளவங்கோடு வட்டம்)

பதில்: கொடுக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் அவர் இன்னொரு முறை வீட்டுப்படி ஏறியிருப்பார். பொருளை வாங்க வருகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்கிறவர் வாங்க வந்தவர் அல்லர். சான்றிதழ்ச் செலவு, ஆய்வகச் செலவு, கொச்சியிலிருந்து வரும் பெரிய புள்ளிக்கு ஓட்டல் அறைச் செலவு என்று பெயர் எதுவாக இருந்தாலும், விற்பனைக்கு முன் உங்கள் கையிலிருந்து போகும் காசு திரும்பி வந்து நான் கண்டதில்லை.

அவர் காட்டும் சட்ட பூச்சாண்டியைப் பார்ப்போம். தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வீட்டில் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டியவை கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் முதலியவற்றால் ஆன சிற்பங்கள், பழைய ஓவியங்கள், சித்திரச் சுவடிகள் போன்று அறிவிக்கப்பட்ட சில வகைகள் மட்டுமே. சோறு உண்ட தட்டும் ஊறுகாய் இருந்த பரணியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பதிவு செய்யவில்லை என்று உங்கள் மீது வழக்கு வராது. அதே சட்டம், பழம்பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அடுத்த முறை அவர் வரும்போது அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும்.

அவர் சொல்லும் வகைச் சான்றிதழும் கிடையாது. இது மிங் காலத்தது, இன்ன விலை பெறும் என்று எந்த அரசு அலுவலகமும் எழுதித் தருவதில்லை. துறையின் நிபுணர் குழு தருவது, வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பும் ஒரு பொருள் பழம்பொருள் அல்ல என்ற சான்று மட்டுமே. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது; மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. எனவே ஹாங்காங்கில் வாங்குபவர் இருக்கிறார், கூரியரில் அனுப்பிவிடலாம் என்று தரகர் சொன்னால், பொருள் பழையது என்று அவர் சத்தியம் செய்யும் ஒவ்வொரு முறையும் உங்களைக் குற்றவாளியாக்குகிறார். இவ்வளவு கடுமையான சட்டத்தை வைத்திருக்கும் அரசு, பாட்டி வீட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் ஒரு குடும்பத்துக்கு இது என்ன என்று சொல்ல ஊருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டதில்லை. மதிப்பீடு எங்கள் வேலையல்ல என்ற ஒரே வாசகத்தைத்தான் எல்லாச் சன்னல்களும் சொல்லும். காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில்தான் தரகர் உட்கார்ந்திருக்கிறார்.

இனித் தட்டுக்கு வருகிறேன். அடியில் உள்ள ஆறெழுத்தைத் தரகர் சரியாகவே படித்திருக்கிறார்: பெரும் மிங் வம்சத்தின் செங்ஹுவா ஆட்சியில் செய்யப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த ஆட்சி 1465 முதல் 1487 வரை. ஆனால் அந்த முத்திரையை அதற்குப் பின் வந்த குயவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் பொருள்களின் அடியில் எழுதிவந்தார்கள். 1662 முதல் 1722 வரை ஆண்ட காங்ஷி என்ற பேரரசரின் காலத்தில், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென் சூளைகளில் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் தாராளமாக எழுதினார்கள். கடல் தாண்டி ஜப்பானியர்களும் எழுதினார்கள். எல்லாரும் ஏமாற்றுவதற்காக எழுதியதாகக் கொள்ள வேண்டாம். பழைய மேன்மைக்கு மரியாதையாகவும், வெறும் அலங்காரமாகவும் அது இருந்தது. முத்திரையைப் பார்த்துக் காலம் சொல்பவரின் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் செங்ஹுவா காலத்துச் சிறு கோப்பை ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது உண்மை. அந்தச் செய்தியைத்தான் இவர்கள் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் என் கண்ணை நிறுத்தியவை வேறு இரண்டு இடங்கள். தட்டின் அடிப்பக்கம், எழுத்தைச் சுற்றி, மிளகை விடச் சிறிய ஐந்து வடுக்கள் இருக்கின்றன. அகன்ற தட்டு சூளையின் சூட்டில் நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க, சிறு களிமண் கூம்புகளை அடியில் முட்டுக் கொடுப்பது ஜப்பானில் அரிட்டா பகுதிக் குயவர்களின் வழக்கம். சுட்டு எடுத்தபின் கூம்பைத் தட்டிவிட்டால் இப்படி வடு நிற்கும். சீனத் தட்டுகளின் அடியில் இந்த வடுக்களை நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது மேல்பக்கப் பூவேலை. பைன், மூங்கில், பிளம் பூ மூன்றும் விளிம்பைச் சுற்றித் திரும்பத் திரும்ப வருகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி அந்த இலைகளைப் பாருங்கள். கோடு ஓடிக்கொண்டே வந்து ஒரு நூலிழை அளவு அறுந்து மறுபடி தொடங்கும். அடுத்த இலையிலும் அதே இடத்தில் அறுந்திருக்கும். தூரிகை அப்படி அறாது. வெட்டிய தாளை வைத்து நீலத்தைத் தேய்த்தால், தாள் கிழியாமல் பிடித்து நிற்கும் இடங்களில் வெள்ளை விழும். 1868க்குப் பிந்தைய மெய்ஜி காலத்தில் ஜப்பான் இந்த முறையில் ஏராளமான தட்டுகளைச் செய்து தள்ளியது. ஐரோப்பாவிலிருந்து வந்த செயற்கைக் கோபால்ட் என்ற நீல நிறப்பொருளைப் பயன்படுத்தியதால் நீலம் கொஞ்சம் கண்ணைக் குத்தும், உங்கள் படத்திலும் குத்துகிறது. படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். என்றாலும் இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதை ஒட்டியோ செய்யப்பட்ட ஜப்பானியத் தட்டு என்றே கருதுகிறேன். அழகான பொருள், நூறாண்டைத் தாண்டியிருக்கலாம், ஆயிரங்களில் விலை பேசலாம். லட்சம் என்ற சொல்லை மறந்துவிடுங்கள்.

உறவினர் வீடுகளில் வேறு தட்டுகள் இருக்குமானால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பாலத்தின் மேல் மூன்று ஆள், மேலே இரண்டு பறவை, பக்கத்தில் தொங்கும் மரம் என்று சீனக் காட்சி வரைந்திருக்கும் நீலத் தட்டு, சீனாவில் செய்ததாகப் பெரும்பாலும் இருக்காது; அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான வடிவம். வடிவத்தை அச்சிட்டுத் தட்டில் ஒற்றிய தாளின் இரண்டு முனைகள் சந்திக்கும் இடத்தில் கரை வேலைப்பாடு பொருந்தாமல் போயிருப்பது விளிம்பில் தெரியும். அடியில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால், 1891ஆம் ஆண்டில் அமெரிக்க இறக்குமதி விதி நடப்புக்கு வந்த பிறகு செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் பழுப்பும் வயிற்றில் வெளிர் மஞ்சளுமாக இருக்கும் ஊறுகாய் ஜாடிகள் இந்தியத் தொழிற்சாலைச் சரக்கு. அவற்றைச் சீனப் பரணி என்று விற்பவரை ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) வழிகாட்டி அனுப்புங்கள்.

தரகர்களின் இன்னொரு வழக்கத்தை நான் சொல்லாமல் இருக்க முடியாது. முன்பணம் பெயராவிட்டால், வாங்குபவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று பொருளை எடுத்துப் போவார்கள். திரும்பி வருவது வேறு தட்டாக இருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இன்றைக்கே அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுங்கள், சமையலறைத் தராசில் எடை பாருங்கள், ஒவ்வொரு பிசிறையும் கீறலையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். பொருள் வாசல்படி தாண்டக் கூடாது. ஆய்வகத் தாள் ஒன்றை நீட்டினாலும் மயங்க வேண்டாம். மண்பொருள் எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குப் பொருளின் அடியில் துளையிட்டுத் தூள் எடுத்தாக வேண்டும். துளையே இல்லாத தட்டுக்குச் சான்று இருந்தால் அந்தச் சான்று வேறு ஏதோ ஒன்றுக்கு வாங்கியது. நம் எல்லைப் பகுதியில் இதற்கு முன் ரைஸ் புல்லிங், அதாவது அரிசியை இழுக்கும் சக்தி உள்ளது என்று செப்புக் கலசத்தைக் காட்டி எத்தனை குடும்பங்களின் நகையைக் கொண்டுபோனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2021இல் கைதான ஒருவர் தம் கொச்சி வீட்டில் திப்புவின் சிம்மாசனம், மோசேயின் கோல் என்றெல்லாம் காட்சிக்கு வைத்திருந்ததாக வழக்கு. அவர் வீட்டுக்குப் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும்தான் போனார்கள்.

பரணிகள் தட்டை விட எனக்கு மகிழ்ச்சி தருகின்றன. தோளில் நான்கு காதுகள், கனத்த பழுப்புப் பூச்சு, ஒட்டுவேலையாகச் செய்த டிராகன். தென் சீனத்திலும் பர்மாவிலும் சுட்டு, எண்ணெயும் தண்ணீரும் ஊறுகாயும் நிரப்பிக் கப்பலேற்றிய இந்த வகையை வணிகர்கள் மர்த்தபான் ஜாடி என்பார்கள். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். வயிற்றுப் பகுதியில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்பட்டால், இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் சீன ஜாடிகள் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போய்க் காதும் பூச்சும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வையுங்கள், ஏனென்றால் நீங்கள் இடிக்கப் போகிறீர்கள். இதுவரை சொன்னது அறப்புரையில், கண்ணுக்குத் தெரிய இருந்த குடும்பச் சொத்துக்கு மட்டும். அடித்தளம் தோண்டும்போதோ சுவரை உடைக்கும்போதோ புதைந்த ஜாடி ஒன்று வெளிவந்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. மண்ணில் மட்டுமல்ல, மண்ணோடு பொருந்திய எதிலும், அதாவது உங்கள் சுவரிலும், ஒளிந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு சாயா கிடைப்பதே சிரமம். அந்தத் தொகையை மாற்ற ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். என்ன கிடைத்தது, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஆட்சியர் விசாரித்து, உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு; நூறாண்டுக்குள் தங்கள் முன்னோர் வைத்ததாக உரிமை கோரவும் வழி உண்டு. மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும். வேலைக்காரர்களிடமும் ஒப்பந்தக்காரரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனெனில் கண்டெடுப்பவர் அவர்களாக இருக்கக்கூடும். பாறசாலைப் பக்கம் உங்கள் உறவினர் வீட்டில் இதே போல் நடந்தால் இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டாம். கேரளத்துக்குத் தனிப் புதையல் சட்டம் உண்டு.

உப்புமாங்காய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழுப்புப் பூச்சுப் பரணி அதிகச் சூட்டில் சுட்டது, பல தலைமுறையாக அதற்குத்தான் பயன்பட்டது. ஆனால் உங்கள் இரண்டாம் பரணியின் கீழ்ப்பகுதியில் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. உள்ளே ஊறிய உப்பு மண்ணுக்குள் படிகமாகி, ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும்போது பூச்சை வெளியே தள்ளுகிறது. அதில் மறுபடி உப்பு நீர் ஊற்றினால் சில ஆண்டில் டிராகனே உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி, உப்புக் கரிப்பு போனபின் நிழலில் பல நாள் உலர விடுங்கள். கழிவறை அமிலமும் கம்பிநாரும் கிட்டேயே வரக் கூடாது; விரிசலில் சிமெண்டோ பசையோ திணிக்கவும் வேண்டாம். முதல் பரணியில் விரிசல் இல்லை என்பதால் அதில் அரிசியோ புளியோ போட்டு வைக்கலாம். மாங்காயைப் புதிய ஜாடி ஒன்று வாங்கிப் போடுங்கள். வண்ணப் பூவேலையும் பொன்வரியும் உள்ள கோப்பைகள் வீட்டில் இருந்தால் அவற்றில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள். அந்த வண்ணங்களில் ஈயம் உண்டு.