‘பெண்களுக்கானது’ என்று எழுதியிருந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் கணவர் வாங்கும் ரேசரும் நான் வாங்கும் ரேசரும் ஒரே கம்பெனிதான். நிறம் வேறு, என்னுடையதற்கு விலை கூடுதல். அதைக் கவனித்த பிறகு பார்த்தால் ஷாம்பு, டியோடரன்ட், வைட்டமின், புரோட்டீன் பவுடர், வலி மாத்திரை என்று எல்லாவற்றிலும் ‘பெண்களுக்காக’ ஒன்று தனியாக இருக்கிறது. இவற்றில் எது நம் உடம்பை நினைத்துச் செய்தது, எது நிறம் மட்டும் மாற்றியது? எப்படிக் கண்டுபிடிப்பது? என் எட்டு வயது மகள் பிங்க் நிறத்தில் இருந்தால்தான் கையில் எடுக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: பேக்கிங், விளம்பர வேலைகளில் பல வருடங்கள் இருந்தவள் நான். ‘பெண்களுக்கான’ வகை ஒன்றைக் கொண்டுவரலாம் என்று பேச்சு தொடங்கியதும் மேஜைக்கு முதலில் வருவது நிற அட்டை. அப்புறம் பெயர், அப்புறம் வாசனை. உள்ளே இருக்கும் பொருளை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில சமயம் அது வராமலே கூட்டம் முடிந்துவிடும். அதனால் நீங்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: உள்ளே என்ன மாறியிருக்கிறது?

ரேசரில் முடியை வெட்டுவது பிளேடு. ‘பெண்களுக்கான’ ரேசரில் பெரும்பாலும் மாறுவது கைப்பிடியின் வளைவு, தலைப்பகுதியின் அகலம், அது அசையும் விதம், வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டை. ஈரக் கையோடு கால்களை மழிக்கும்போது பெரிய பிடி வசதியாக இருக்கலாம். அந்த வசதி வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். வேண்டாமென்றால் உங்கள் கணவர் வாங்கும் ரேசரில் புதிதாக ஒன்று உங்களுக்கும் போதும். தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

விலையைப் பற்றி நீங்கள் கவனித்தது சரிதான். நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் ஏறக்குறைய 800 பொருட்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தது. பெண்களுக்கென்று விற்கப்பட்டவை சராசரியாக 7 சதவீதம் விலை அதிகம். சோப்பு, ஷாம்பு, ரேசர் போன்றவற்றில் மட்டும் 13 சதவீதம். பெண்களுக்கான பொருளுக்கு வைக்கும் இந்தக் கூடுதல் விலையைத்தான் ‘பிங்க் வரி’ என்கிறார்கள்; அந்தப் பேச்சு வலுத்ததில் இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க் மாநிலம் 2020-லும் கலிஃபோர்னியா 2023 ஜனவரியிலிருந்தும், பெரிய வித்தியாசம் இல்லாத பொருட்களுக்குப் பாலினத்தைக் காட்டி வேறு விலை வைப்பதைச் சட்டத்தால் தடுத்தன.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், ஒரே கம்பெனியின் ஒரே மூலப்பொருள் கொண்ட பொருட்களை மட்டும் ஒப்பிட்டபோது, பெண்கள்தான் எப்போதும் அதிகம் கொடுக்கிறார்கள் என்று சொல்லும்படி விலை வித்தியாசம் இல்லை. அவர்கள் கண்டது வேறு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் விற்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றின் கலவையே கொஞ்சம் கொஞ்சம் மாற்றப்பட்டிருக்கிறது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு வாசனை எண்ணெயும் ஒரு தாவரச் சாறும் சேர்த்துவிட்டால் இரண்டும் ‘வேறு வேறு பொருள்’ ஆகிவிடும், நேராக ஒப்பிடவே முடியாது. எனவே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்த மாற்றம் உங்களுக்கு ஏதாவது செய்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கு முதலில் விலையை 100 மி.லி. அல்லது 100 கிராமுக்குக் கணக்கிடுங்கள். பாட்டில் ஒல்லியாகி, விலை அப்படியே இருப்பதும் ஒரு வழக்கம். பிறகு லேபிளைத் திருப்புங்கள். அழகுசாதனப் பொருட்களில் அதிகம் இருப்பது முதலில் வரும்படிதான் பெரும்பாலும் எழுதுவார்கள், முதல் ஐந்து பெயர்களை ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். வியர்வையைத் தடுக்கும் டியோடரன்ட் என்றால் வேலை செய்வது அலுமினிய உப்பு. அதன் பெயரும் சதவீதமும் ஒன்றாக இருந்தால் மிச்சமெல்லாம் வாசனைதான். ஷாம்புவை உங்கள் முடி எண்ணெய்ப் பசையா, வறட்சியா, சாயம் போட்டதா என்று பார்த்து வாங்குங்கள். புரோட்டீன் பவுடரில் 100 கிராமில் எத்தனை கிராம் புரதம், எவ்வளவு சர்க்கரை என்பது போதும்.

மாத்திரையில் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நியூரோஃபென் என்ற வலி மாத்திரை முதுகுவலிக்கு, மாதவிடாய் வலிக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, பதற்றத் தலைவலிக்கு என்று தனித்தனிப் பெட்டிகளில் விற்கப்பட்டது. விலை சாதாரண நியூரோஃபெனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கிலும் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு: 342 மி.கி. இப்யூபுரூஃபன் லைசின். மாதவிடாய்ப் பெட்டியில் இருந்த மாத்திரைக்குக் கருப்பை எங்கே இருக்கிறது என்று தனியாகத் தெரியாது. இது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னது, அபராதம் 2016-இல் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை உயர்ந்தது. மருந்துப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள்.

சரி, உடம்பு உண்மையிலேயே வேறுபடும் இடங்கள் இல்லையா? இருக்கின்றன. 19 முதல் 50 வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 18 மி.கி. இரும்புச்சத்து வேண்டும், ஆண்களுக்கு 8 மி.கி. போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. காரணம் மாதவிடாயில் போகும் ரத்தம். ஆகவே பெண்களுக்கான வைட்டமின் மாத்திரையில் இரும்பு கூடுதலாக இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கும் 8 மி.கி.தான், அப்போது அதே டப்பாவைத் தொடரத் தேவையில்லை. (ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் கேட்டுவிட்டு இரும்பு எடுப்பது எல்லாருக்கும் நல்லது.) சைக்கிள் இருக்கையில் உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குச் சராசரியாக அகலம். ஷூ என்றால், பெண்களின் பாதத்தில் முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் குறுகல். இங்கெல்லாம் வடிவம் மாறியிருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், தேவையில்லாத இடத்தில் பெண்களுக்கென்று தனியாகச் செய்கிறார்கள், தேவைப்படும் இடத்தில் அளவே கிடைப்பதில்லை. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்வெளியில் நடக்கும் முதல் பயணத்தை நாசா திட்டமிட்டிருந்தது. இருவருக்கும் விண்வெளி உடையின் மேல்பகுதி நடுத்தர அளவில்தான் பொருந்தியது, விண்வெளி நிலையத்தில் தயாராக இருந்ததோ ஒன்றே ஒன்று. திட்டம் மாறியது. அக்டோபர் 18-ஆம் தேதிதான் கிறிஸ்டினா காக், ஜெஸிக்கா மெய்ர் இருவரும் அப்படி நடந்தார்கள். வேலைக்கான கையுறை, பாதுகாப்புக் காலணி, கண்ணாடி வாங்கும் பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அவற்றில் ‘பெண்கள் அளவு’ என்று கேட்டு, பிங்க் நிறம் பூசியதை ஏற்றுக்கொள்ளாமல், அளவு சரியாக இருப்பதை வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் போவது பணம் மட்டுமல்ல. பெண்களுக்கு விற்பதற்குக் கம்பெனிகள் நெடுங்காலமாகக் கையாளும் வழி, முதலில் ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. ஜில்லெட் 1915-இல் பெண்களுக்கென்று ரேசர் கொண்டுவந்த காலத்தில்தான், அக்குள் முடி அசிங்கம் என்று அமெரிக்க விளம்பரங்கள் சொல்லத் தொடங்கின. அதே நாட்டில் தரை துடைக்கும் லைசால் கிருமிநாசினியை, பெண்கள் உடலுக்குள் கழுவிக்கொள்ளும் ‘சுத்தம்’ என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தார்கள். கணவன் முகம் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் மனைவியின் உடல் வாசனை என்று அந்த விளம்பரங்கள் சொல்லாமல் சொல்லின. அதை நம்பிய பெண்களுக்குப் புண்ணும் விஷமும் மிஞ்சின. இன்றைக்கு மலர் வாசனையோடு வரும் அந்தரங்கக் கழுவு திரவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. யோனி தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்கள்தான் அமிலத்தன்மையைக் காக்கின்றன. உள்ளே கழுவினால் அவை குறைந்து தொற்று வரலாம், எனவே மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். வாசனை திடீரென மாறினாலோ அரிப்பு, எரிச்சல் இருந்தாலோ பாட்டில் வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

விளம்பரமே உங்களை இழிவுபடுத்துவதாகத் தோன்றினால் புகார் செய்யுங்கள், அதற்குப் பலன் இருக்கிறது. பிரிட்டனில் 2019 ஜூனில், தீங்கு செய்யும் பாலினப் பிம்பங்களை விளம்பரத்தில் காட்டக்கூடாது என்ற விதி வந்தது. ஆகஸ்டிலேயே இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அதில் ஒன்று அப்பாக்களைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களாகக் காட்டியது. இரண்டுமே பார்வையாளர்கள் எழுதிய புகாரில் தொடங்கியவை.

இனி உங்கள் மகள். பிங்க் பிடிப்பதில் ஒரு தவறும் இல்லை, அதை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். 1918-இல் ஒரு அமெரிக்கக் குழந்தை ஆடை வணிக இதழ், பிங்க் உறுதியான நிறம் என்பதால் பையன்களுக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைகளுக்கு என்று எழுதியது. இதை ஒரு கதையாகச் சொல்லுங்கள், எட்டு வயதுக்கு இது பிடிக்கும். பை, பென்சில் பெட்டி எல்லாம் அவள் கேட்கும் நிறத்தில் வாங்கிக் கொடுங்கள். அறிவியல் பெட்டி, கட்டும் விளையாட்டு வாங்கும்போது மட்டும், இரண்டு பெட்டிகளையும் அவள் கையில் கொடுத்து உள்ளே எத்தனை துண்டுகள், எத்தனை சோதனைகள் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். பிங்க் பெட்டியில் உதட்டுச் சாயம் செய்வது மட்டும் இருந்து, பக்கத்துப் பெட்டியில் மின்சுற்றும் காந்தமும் இருந்தால், எது வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். அந்தக் காந்தத்தை அவள் தேர்ந்தெடுத்தால், பெட்டிக்கு வீட்டில் பிங்க் காகிதம் ஒட்டிக்கொள்ளலாமே.